எட்டாயிரம் தண்டுகள்: வட கொரியாவின் முதல் குண்டுக்கு முன்னால் நடந்தது

வட கொரியாவின் அணுகுண்டு பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 2006 அக்டோபர் 9-இல் கதையை ஆரம்பிப்பார்கள். அன்று காலை பத்தரை மணி தாண்டிச் சில நிமிடங்களில், நாட்டின் வடகிழக்கில் புங்கே-ரி என்ற மலைப்பகுதியில், சுரங்கத்துக்குள் வைத்து முதல் குண்டை வெடித்தார்கள். அமெரிக்க நிலநடுக்கக் கருவிகளில் 4.3 என்று பதிவானது. அதற்குப் பிறகு கண்டனம், பாதுகாப்பு அவைத் தீர்மானம், தடை, அடுத்த சோதனை, மறுபடியும் கண்டனம் என்று ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. 2017 வரை மொத்தம் ஆறு சோதனைகள். இந்த நூற்றாண்டில் அணுகுண்டை வெடித்துப் பார்த்த ஒரே நாடு அதுதான்.

இங்கிருந்து ஆரம்பித்தால் கதை ரொம்ப எளிதாகிவிடுகிறது. யார் பேச்சையும் கேட்காத ஒரு ஆட்சி, ஒரு குண்டு, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் உலகம். அவ்வளவுதான். ஆனால் குண்டு என்பது திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. அதற்குப் புளூட்டோனியம் வேண்டும். அன்றைக்கு வட கொரியாவிடம் இருந்த புளூட்டோனியத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால், சுமார் எட்டாயிரம் உலோகத் தண்டுகளில் போய் முட்டும். அந்தத் தண்டுகள் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்வதேச ஆய்வாளர்களின் கண்முன்னால், ஒரு குளத்துத் தண்ணீருக்கு அடியில், சும்மா கிடந்தன. யாரும் தொடவில்லை.

அப்புறம் எப்படி அவை வெளியே வந்தன? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உலையும் தண்டும்

பியோங்யாங்கிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் யோங்பியோன் இருக்கிறது. அங்கே 1960-களிலேயே சோவியத் உதவியுடன் ஒரு சிறிய ஆராய்ச்சி உலை வந்துவிட்டது. ஆனால் நம் கதைக்கு முக்கியமானது 1986-இல் ஓட ஆரம்பித்த இன்னொரு உலை. ஐந்து மெகாவாட் மின்திறன். ஒரு நாட்டின் மின்சாரத் தேவைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதன் வடிவமைப்பில்தான் விஷயமே இருக்கிறது. பிரிட்டன் 1950-களில் கால்டர் ஹாலில் கட்டிய உலையை ஒட்டியது அது. இயற்கை யுரேனியம்தான் எரிபொருள், செறிவூட்ட வேண்டியதில்லை. நியூட்ரானின் வேகத்தைக் குறைக்க கிராஃபைட். குளிர்விக்க கார்பன் டை ஆக்சைடு வாயு. பிரிட்டிஷ் உலை பற்றிய தகவல்கள் அந்தக் காலத்திலேயே வெளிப்படையாகக் கிடைத்தன. யுரேனியமும் கிராஃபைட்டும் வட கொரிய மண்ணிலேயே இருந்தன. ஆக, வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்காமலே ஓட்டக்கூடிய உலை. அதோடு, குண்டுக்கு ஏற்ற தரமான புளூட்டோனியத்தைத் தரக்கூடிய உலை.

உலைக்குள் சுமார் எட்டாயிரம் தண்டுகள், மொத்தம் ஐம்பது டன் யுரேனியம். உலை ஓட ஓட, தண்டுக்குள் இருக்கும் யுரேனியத்தில் ஒரு துளி புளூட்டோனியமாக மாறும். தண்டுகளை வெளியே எடுத்து, அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டும். இதற்கு மறுபதப்படுத்தல் என்று பெயர். அதற்கான ஒரு நீளமான கட்டடத்தையும் யோங்பியோனில் கட்டியிருந்தார்கள். 'கதிரியக்க வேதியியல் ஆய்வகம்' என்பது அவர்கள் வைத்த பெயர்.

90 கிராம் கணக்கு

வட கொரியா 1985 டிசம்பரில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் கையெழுத்தே போட்டதில்லை. வட கொரியா போட்டது. ஆனால் உலையைச் சோதனைக்குத் திறந்துவிடும் பாதுகாப்பு உடன்படிக்கைக்கு 1992 வரை இழுத்தடித்தது. அந்த ஆண்டு மே மாதம் சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் யோங்பியோனுக்கே போய்ப் பார்த்தார்.

வட கொரியா கொடுத்த கணக்கு இதுதான்: 1990-இல் ஒரே ஒரு தடவை, சேதமடைந்த சில தண்டுகளிலிருந்து சுமார் 90 கிராம் புளூட்டோனியம் பிரித்தோம். ஆய்வாளர்கள் அங்கிருந்து எடுத்துவந்த மாதிரிகளைப் பரிசோதித்தார்கள். கணக்கு உதைத்தது. புளூட்டோனியத்தின் வயதைப் பார்த்தால், பிரிக்கும் வேலை ஒரு தடவை அல்ல, பல தடவை நடந்திருக்கிறது. அப்படியானால் மீதி எங்கே?

ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. 1989-இல் அந்த உலை இரண்டு மாதங்களுக்கு மேல் நிறுத்தப்பட்டிருந்தது. அந்தச் சமயத்தில் எல்லாத் தண்டுகளையும் வெளியே எடுத்துப் புதிதாக மாற்றியிருந்தால், ஒன்றோ இரண்டோ குண்டுக்கான சரக்கு அப்போதே அவர்கள் கையில் இருக்கலாம். சில தண்டுகளை மட்டும்தான் மாற்றினோம் என்று வட கொரியா சொன்னதே உண்மையென்றால், பயப்பட ஒன்றுமில்லை.

எது உண்மை? 1993 பிப்ரவரியில், கழிவு சேமித்து வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்ட இரண்டு இடங்களைத் திறந்து காட்டச் சொன்னது முகமை. அவை ராணுவ இடங்கள் என்று மறுத்தது வட கொரியா. மார்ச் 12 அன்று ஒப்பந்தத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. விதிப்படி அறிவித்து மூன்று மாதம் கழித்துத்தான் விலகல் நடைமுறைக்கு வரும். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது, அமெரிக்காவுடன் நடந்த பேச்சுக்குப் பிறகு, விலகலை 'நிறுத்தி வைப்பதாக' அறிவித்தார்கள். இந்த ஒரு நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

சாட்சியைக் கலைத்தார்கள்

1994 மே மாதம் வட கொரியா உலையை நிறுத்திவிட்டுத் தண்டுகளை வெளியே எடுக்க ஆரம்பித்தது. உலகம் பதறியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் எல்லாருக்கும் புரியக்கூடியது. அந்தத் தண்டுகளுக்குள் 25 கிலோவை ஒட்டிய புளூட்டோனியம் இருந்தது. பிரித்தெடுத்தால் ஐந்தாறு குண்டுகள்.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. எந்தத் தண்டு உலைக்குள் எந்த இடத்தில் இருந்தது என்று தெரிந்தால், அதில் மாதிரி எடுத்து அது எத்தனை காலம் எரிந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். 1986-இலிருந்து எரிந்த தண்டா, 1989-இல் புதிதாகப் போட்ட தண்டா என்று தெரிந்துவிடும். தண்டுகளே சாட்சி. ஆய்வாளர்கள் அந்த மாதிரிகளைத்தான் கேட்டார்கள். அனுமதிக்கவில்லை. எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தண்டுகளை உருவி, இடவரிசை தெரியாதபடி கலந்து குளத்தில் போட்டுவிட்டார்கள். 1989-இல் என்ன நடந்தது என்பதைத் தண்டுகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அத்தோடு போயிற்று.

பொருளாதாரத் தடை கொண்டுவர அமெரிக்கா ஆயத்தமானது. தடை என்றால் போர் என்றுதான் எடுத்துக்கொள்வோம் என்றது வட கொரியா. அதற்கு முன்னால், மார்ச்சிலேயே, பன்முன்ஜோம் எல்லைப் பேச்சில் அவர்களுடைய பிரதிநிதி சியோல் நெருப்புக் கடலாகிவிடும் என்று மிரட்டியிருந்தார். சியோல் எல்லையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. பீரங்கிக் குண்டு எட்டும் தூரம். ஜூன் மாதம் அந்த ஊர் மக்கள் அரிசியும் நூடுல்ஸும் வாங்கிக் குவிக்க ஆரம்பித்தார்கள். வாஷிங்டனில் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி யோங்பியோனைக் குண்டு வீசி அழிக்கும் திட்டத்தைக்கூட மேசைக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். போர் வந்தால் பலி லட்சக்கணக்கில் போகும் என்பது அவர்களுடைய சொந்த மதிப்பீடு.

ஜூன் 16. வெள்ளை மாளிகையில் கூடுதல் படைகளை அனுப்புவது பற்றி கிளின்டன் ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தபோது பியோங்யாங்கிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர். கிம் இல் சுங்கைப் பார்க்கத் தனிப்பட்ட முறையில் போயிருந்தார். உலையை முடக்க அவர் சம்மதித்துவிட்டார், ஆய்வாளர்களும் அங்கேயே இருக்கலாம் என்றார். இதையே சி.என்.என். தொலைக்காட்சியிலும் நேரடியாகச் சொல்லப்போகிறேன் என்றார். அறையில் இருந்தவர்களுக்கு எரிச்சல்தான். ஆனாலும் போர் தள்ளிப்போனது.

மூன்று வாரத்தில், ஜூலை 8 அன்று, கிம் இல் சுங் இறந்துபோனார். பேச்சு நிற்கவில்லை. மகன் கிம் ஜோங் இல் ஆட்சியில் அது தொடர்ந்து, அக்டோபர் 21 அன்று ஜெனீவாவில் அமெரிக்காவின் ராபர்ட் கலூச்சியும் வட கொரியாவின் காங் சோக் ஜுவும் கையெழுத்திட்டார்கள்.

நாலு பக்க ஒப்பந்தம்

ஒப்பந்தத்தின் சாரம் இது. வட கொரியா யோங்பியோன் உலையை நிறுத்தும். கட்டிக்கொண்டிருந்த 50 மெகாவாட், 200 மெகாவாட் உலைகளையும் அப்படியே விட்டுவிடும். பதிலுக்கு, மொத்தம் 2,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு மென்னீர் உலைகளை ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு கட்டித் தரும். இலக்கு ஆண்டு 2003. அதுவரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் கனரக எரிஎண்ணெய். இரண்டு நாடுகளும் படிப்படியாக உறவைச் சீராக்கிக்கொள்ளும்.

அந்த எட்டாயிரம் தண்டுகள்? அவற்றின் மேலுறை மெக்னீசியக் கலவை. தண்ணீரில் கிடந்தால் அரித்துப்போகும். அதனால் அமெரிக்க நிபுணர்களே யோங்பியோனுக்குப் போய், குளத்துக்குள்ளேயே, தண்டுகளை எஃகுக் கலன்களில் அடைத்தார்கள். முகமை சீல் வைத்தது. கேமரா பொருத்தியது. ஆய்வாளர்கள் அங்கேயே தங்கினார்கள். ஒருவரையொருவர் எதிரி என்று சொல்லிக்கொண்ட இரண்டு நாட்டு ஆட்கள், கதிரியக்கக் குளத்தின் கரையில் வருடக்கணக்கில் சேர்ந்து வேலை பார்த்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைக்குப் பலருக்கு உறைக்கவில்லை. அந்த இரண்டு பெரிய உலைகளும் முடிந்து ஓடியிருந்தால் ஆண்டுக்குப் பத்துக்கணக்கான குண்டுகளுக்குப் புளூட்டோனியம் கிடைத்திருக்கும். அவை துருப்பிடித்தே வீணாகிப்போயின. கடைசிவரை ஓடவே இல்லை.

ஆனால் ஒப்பந்தம் எழுதிய கை உலர்வதற்குள் அமெரிக்காவில் காட்சி மாறியது. 1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் பிடித்தது. எதிரிக்குக் கப்பம் கட்டுகிறோம் என்பது அவர்கள் வாதம். எண்ணெய்க்கான பணம் ஒவ்வொரு ஆண்டும் இழுபறிதான். கப்பல்கள் தாமதமாகப் போயின. உலைகளைக் கட்ட கீடோ என்ற அமைப்பை 1995-இல் அமெரிக்கா, தென் கொரியா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து உருவாக்கின. ஆனால் 2003-இல் முடிய வேண்டிய உலைக்கு முதல் கான்கிரீட் போட்டதே 2002 ஆகஸ்டில். உறவைச் சீராக்குவது, தடைகளைத் தளர்த்துவது எல்லாம் ஆமை நடை.

வாஷிங்டனில் பலரும் வேறொரு கணக்கும் வைத்திருந்தார்கள்: சோவியத் போய்விட்டது, கிழவரும் செத்துப்போனார், இந்த ஆட்சி இன்னும் எத்தனை நாள் தாங்கும்? 1995 வெள்ளத்துக்குப் பிறகு வட கொரியாவில் கொடும் பஞ்சம் வந்தது. இறந்தவர்கள் பல லட்சம்; எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. மக்கள் செத்தார்கள். ஆட்சி விழவில்லை.

அந்தப் பக்கமும் யோக்கியம் இல்லை

இதுவரை படித்துவிட்டு, அமெரிக்கா ஏமாற்றியது, வட கொரியா பாவம் என்று முடிவுக்கு வந்தால் அதுவும் தப்பு. 1998 ஆகஸ்டில் வட கொரியா ஏவிய ராக்கெட் ஜப்பானைத் தாண்டிப் போய் விழுந்தது. இன்னும் முக்கியமானது, 1990-களின் பிற்பகுதியில் பாகிஸ்தானின் ஏ.க்யூ. கானிடமிருந்து சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்கள் வட கொரியாவுக்குப் போயின. சுமார் இரண்டு டஜன் போயின என்று முஷாரஃப் பிறகு தன் சுயசரிதையில் எழுதினார். சென்ட்ரிஃபியூஜ் எதற்கு? யுரேனியத்தைச் செறிவூட்ட. அதாவது குண்டுக்குப் போகும் இரண்டாவது பாதை. புளூட்டோனிய வாசலுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் இன்னொரு வாசலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இருந்தும் 2000-இல் விஷயம் கனிந்து வந்தது. தென் கொரிய ஜனாதிபதி கிம் டே ஜுங் ஜூன் மாதம் பியோங்யாங் போனார். அக்டோபரில் வட கொரிய ராணுவத்தின் உயர்மட்டத் தளபதி ஜோ மியோங் ரோக் சீருடையோடு வெள்ளை மாளிகைக்குப் போனார். அதே மாதம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மேடலின் ஆல்பிரைட் பியோங்யாங்குக்குப் போனார். அடுத்து கிளின்டனே போவார் என்ற பேச்சு இருந்தது. நேரம் போதவில்லை. ஜனவரியில் புஷ் வந்தார்.

புஷ் ஆட்சிக்கு இந்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. 2002 ஜனவரியில் ஈராக், ஈரானோடு வட கொரியாவையும் 'தீய அச்சு' என்ற பட்டியலில் சேர்த்தார். அக்டோபரில் ஜேம்ஸ் கெல்லி பியோங்யாங் போய், ரகசியமாக யுரேனியம் செறிவூட்டுகிறீர்கள் என்று குற்றம் சாட்டினார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்றது அமெரிக்கா. அப்படிச் சொல்லவே இல்லை என்றது வட கொரியா. நவம்பரில் எண்ணெயை நிறுத்த முடிவெடுத்தது கீடோ.

அப்புறம் எல்லாம் ஒரே மாதத்தில். டிசம்பரில் சீல்களைக் கிழித்தார்கள். கேமராக்களை முடக்கினார்கள். ஆண்டின் கடைசி நாளில் ஆய்வாளர்கள் வெளியேறினார்கள். 2003 ஜனவரி 10 அன்று ஒப்பந்தத்திலிருந்து விலகினார்கள். மூன்று மாத அறிவிப்பு எங்கே என்று கேட்டால், 1993-லேயே அறிவித்துவிட்டோம், அப்போது ஒரு நாள்தானே பாக்கி இருந்தது, அது நாளையோடு முடிகிறது என்றார்கள்! பத்து வருடம் கழித்து அந்த ஒரு நாளைச் செலவழித்தார்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டு விலகுவதாக அறிவித்த ஒரே நாடு வட கொரியாதான்.

அந்த நேரத்தில் வாஷிங்டனின் கவனம் முழுக்க ஈராக் மேல். மார்ச்சில் அங்கே படை இறங்கியது. அணு ஆயுதம் இல்லாத சதாமுக்கு என்ன ஆனது என்பதைப் பியோங்யாங் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தண்டுகள் குளத்திலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தன.

கண்ணாடி ஜாடி

2004 ஜனவரியில் சில அமெரிக்கர்கள் தனிப்பட்ட முறையில் யோங்பியோனுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சீக்ஃப்ரீட் ஹெக்கர். முதல் அணுகுண்டு வடிவமைக்கப்பட்ட லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் முன்னாள் இயக்குநர். புளூட்டோனிய உலோகவியலில் வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கு அந்தக் குளத்தைக் காட்டினார்கள். தண்டுகள் இல்லை.

பிறகு ஒரு அறையில் உட்காரவைத்து, எங்கள் தயாரிப்பைப் பார்க்கிறீர்களா என்று கேட்டு, ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார்கள். உள்ளே 200 கிராம் உலோகம். ஹெக்கர் கையுறை போட்டு அதை வாங்கிப் பார்த்தார். புளூட்டோனியம் கனமாக இருக்கும். தன் கதிரியக்கத்தாலேயே லேசாகச் சூடாகவும் இருக்கும். ஜாடி கனமாகவும் சூடாகவும் இருந்தது. கருவி இல்லாமல் நூறு சதவீதம் உறுதி சொல்ல முடியாது என்றுதான் அவர் அமெரிக்க செனட்டில் சொன்னார். ஆனால் வட கொரியா எதைக் காட்ட நினைத்ததோ அதைக் காட்டிவிட்டது.

2005 பிப்ரவரியில், எங்களிடம் அணு ஆயுதம் இருக்கிறது என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 19 அன்று ஆறு நாட்டுப் பேச்சில், அணு ஆயுதத் திட்டங்களைக் கைவிடுவதாக ஒரு கூட்டறிக்கையும் வந்தது. அதே வாரத்தில் அமெரிக்க நிதித்துறை மக்காவில் உள்ள பாங்கோ டெல்டா ஆசியா என்ற சின்ன வங்கியின் மேல் நடவடிக்கை எடுத்தது. விளைவாக வட கொரியாவின் சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது. ஒரு கை பேச்சு நடத்தியது, இன்னொரு கை பணத்தைப் பிடித்தது. பேச்சு நின்றுபோனது. அடுத்த ஆண்டு அக்டோபரில் புங்கே-ரி.

முதல் வெடி

சோதனைக்குச் சுமார் இருபது நிமிடம் முன்னால்தான் சீனாவுக்குத் தகவல் சொன்னார்கள், நாலு கிலோடன் என்று. வெடித்ததோ ஒரு கிலோடன்னுக்கும் கீழே. ஹிரோஷிமா குண்டு சுமார் 15 கிலோடன். தொழில்நுட்பக் கணக்கில் அது பாதித் தோல்வி. இரண்டு வாரம் கழித்து கனடாவின் யெல்லோநைஃப் கண்காணிப்பு நிலையத்தில் செனான் வாயு பிடிபட்டபோது, நடந்தது அணு வெடிப்புதான் என்பதற்கு இன்னொரு ஆதாரம் கிடைத்தது. தற்செயலாக, அதே அக்டோபர் 9 அன்றுதான் தென் கொரிய வெளியுறவு அமைச்சர் பான் கி மூனை ஐ.நா. பொதுச் செயலாளர் பதவிக்குப் பாதுகாப்பு அவை பரிந்துரைத்தது. ஐந்து நாள் கழித்து அதே அவை 1718-ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. சீனாவும் கை தூக்கியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2007-இல் மறுபடி ஒரு உடன்பாடு. 2008 ஜூனில் யோங்பியோன் உலையின் குளிர்விப்புக் கோபுரத்தைக் கேமராக்களுக்கு முன்னால் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எதை எப்படிச் சரிபார்ப்பது என்ற சண்டையில் அதுவும் முறிந்தது. 2009 மே மாதம் இரண்டாவது சோதனை. 2010 நவம்பரில் அதே ஹெக்கரைக் கூப்பிட்டு, வரிசை வரிசையாகச் சென்ட்ரிஃபியூஜ்கள் நிற்கும் ஒரு கூடத்தைக் காட்டினார்கள். இரண்டாயிரம் இருக்கிறது என்றார்கள். கொல்லைப்புற வாசல் தயாராகிவிட்டது. 2013-இல் மூன்றாவது, 2016-இல் இரண்டு, 2017 செப்டம்பர் 3 அன்று ஆறாவது. அந்தக் கடைசி வெடிப்பு 6.3 என்று பதிவானது. நூறு கிலோடன்னுக்கு மேல். எட்டரை நிமிடம் கழித்து மண்டாப் மலைக்குள் ஏதோ இடிந்து விழுந்ததும் கருவிகளில் தெரிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சீன ஊர்களில் கட்டடங்கள் ஆடின.

அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 2397-ஆம் தீர்மானம், வட கொரியாவுக்குப் போகும் சுத்திகரித்த எண்ணெய்ப் பொருள்களை ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்க்குள் நிறுத்தியது. 1994-இல் குண்டு செய்யாமல் இருப்பதற்காக ஆண்டுக்கு 5 லட்சம் டன் கொடுத்தார்கள். ஒரு டன் என்றால் ஏழு பீப்பாயை ஒட்டி வரும். எண்ணெய் ரகம் வேறுதான். ஆனாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நடுவில் நடந்த இருபத்துமூன்று வருடம் தெரியும்.

என்ன கேள்வி கேட்கிறோம்?

1994 ஒப்பந்தம் தோல்வி என்று சொல்பவர்கள் கேட்கும் கேள்வி: வட கொரியா நேர்மையாக நடந்துகொண்டதா? பதில்: இல்லை. சென்ட்ரிஃபியூஜ் விஷயத்தில் சந்தேகப்பட்டது சரிதான் என்று 2010-இல் தெளிவாகிவிட்டது.

ஆனால் என் கேள்வி வேறு. தண்டுகள் எங்கே இருந்தன? 1994-இலிருந்து 2002 டிசம்பர் வரை குளத்தில் இருந்தன. ஒரு கிராம்கூடப் பிரிக்கப்படவில்லை. சீலும் கேமராவும் ஆட்களும் அங்கே இருந்ததால் இது யாரோ சொன்ன வாக்குறுதி இல்லை, கண்ணால் பார்த்த உண்மை. 2002-இல் யுரேனியப் பாதை ஆரம்ப நிலையில்தான் இருந்தது. ஐந்தாறு குண்டுக்கான புளூட்டோனியமோ தயாராகத் தண்ணீருக்கடியில் கிடந்தது. நாளைக்கு வரக்கூடிய ஆபத்துக்காக, இன்றைக்குப் பூட்டியிருந்த ஆபத்தைத் திறந்துவிட்டார்கள். இரண்டு பாதையும் வட கொரியாவுக்குக் கிடைத்தது.

ஒப்பந்தத்தைக் காப்பாற்றியிருந்தால் வட கொரியா கடைசிவரை குண்டு செய்யாமல் இருந்திருக்குமா? அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. யுரேனியத்தின் வழியாக என்றாவது ஒரு நாள் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் அந்த 'என்றாவது' 2006-ஆக இருந்திருக்காது. அந்த இடைவெளியில் கூடுதலாகச் சில ஆண்டுகள், ஆய்வாளர்களின் கண் உள்ளே இருந்தபடி, பேசக் கிடைத்திருக்கும். ஹெக்கரும் 2023-இல் எழுதிய தன் புத்தகத்தில் கிட்டத்தட்ட இதைத்தான் வாதிடுகிறார்: ஆபத்தை அளந்து முடிவெடுக்காமல், கோபத்தில் முடிவெடுத்த தருணங்களில்தான் வட கொரியா ஒவ்வொரு படியாக மேலே ஏறியது என்று.

எதிரியை நம்பியதால் வைத்த சீல் இல்லை அது. நம்பிக்கை இல்லாததால்தான் சீலும் கேமராவும் தேவைப்பட்டன. நம்ப முடியாதவர்கள் என்று தெரிந்த பிறகு அதைக் கழற்றும் நிலைமைக்கு விஷயத்தைக் கொண்டுபோனதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை ஜீரணமாகாத இடம். ஆய்வாளர்கள் 2002-இன் கடைசி நாளில் வெளியேறினார்கள். நடுவில் 2007-இலிருந்து 2009 வரை கொஞ்ச காலம் திரும்பிப் போனார்கள், மறுபடி வெளியேற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு யோங்பியோனில் என்ன நடக்கிறது என்பதை உலகம் செயற்கைக்கோள் படங்களில் புகை வருகிறதா, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் ஊகித்துக்கொண்டிருக்கிறது.